அரங்கும் ஆடலும்

விழுப்புரத்திற்கு வடமேற்கே, ஏரியும் வயலும் சூழ்ந்த நிலத்தில் எழுந்து நிற்கும் சிறு குன்று பனமலை. அதன்மேல் அமைந்துள்ளது தாளகிரீசுவரர் கோயில். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலையும் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் எடுப்பித்த பல்லவ மன்னன் இராசசிம்மன், கி.பி. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த கற்றளி இது. தாளம் என்பது பனையைக் குறிக்கும் வடசொல். ஆதலின் ஊரின் பெயரும் இறைவனின் பெயரும் ஒரே பொருளை இரு மொழிகளில் உரைத்து நிற்கின்றன.

இக்கோயிலின் சிற்றாலயம் ஒன்றின் சுவரில் பல்லவர் கால ஓவியம் எஞ்சியுள்ளது. ஆடும் சிவபெருமானின் உருவம் பெரும்பகுதியும் அழிந்துவிட்டது. அவ்வாடலைக் கண்டு நிற்கும் உமையின் உருவமே தெளிவாகக் காணக் கிடைக்கின்றது. முடி தரித்து, மேலே குடை விளங்க, ஒரு காலை மடித்து, உடல் சற்றே ஒசிய அம்மை நிற்கின்றாள். ஆடியவன் உருவம் மறைந்தும் கண்டு மகிழ்ந்தவள் முகம் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்திருக்கின்றது. ஆடலின் இன்பம் ஆடுவோரோடு முடிவதில்லை என்பதற்கு இவ்வோவியத்தினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

தமிழில் ஆடல் என்னும் சொல் பரந்த ஆட்சி உடையது. கூத்தும் ஆடலே, விளையாட்டும் ஆடலே. நீராடல், உரையாடல், போராடல், கொண்டாடல் என வாழ்வின் பல செயல்களையும் அச்சொல் தழுவி நிற்கின்றது. பழந்தமிழில் ஆடு என்பதற்கு வெற்றி என்ற பொருளும் உண்டு. ஆமூர் மல்லனோடு பொருத போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மற்போரைப் பற்றி நக்கண்ணையார் பாடிய புறநானூற்றுப் பாடலில், கூட்டத்தில் ஒரு சாரார் வெற்றி அவனுடையது என்றும், மற்றொரு சாரார் அவனுடையதன்று என்றும் கூறி நிற்கின்றனர். கண்டு நின்றோர் இரு கட்சியாகப் பிரிந்து ஆரவாரித்த காட்சி, இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகியும் பழமை தோன்றாமல் இருக்கின்றது.

உவகையின் நிலைக்களன்

எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்துரைத்த தொல்காப்பியர், ஒவ்வொன்றும் தோன்றுதற்குரிய களன்களை நந்நான்காகத் தொகுத்தார். உவகைக்கு அவர் கூறிய நான்கு, செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன. புலன் என்பதற்கு அறிவு என்றே பொருள் கூறுவர். பொருட்செல்வம், கல்வியறிவு, காதல் ஆகிய மூன்றோடும் விளையாட்டைச் சமமாக வைத்து எண்ணியது தொல்காப்பியம். விளையாட்டு சிறுவர்க்கே உரியது என்றோ, தொழிலை முடித்தபின் எஞ்சும் நேரத்திற்கு உரியது என்றோ அந்நூல் ஒதுக்கவில்லை.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. இந்நான்கினாலும் பிறக்கும் உவகைக்குத் துன்பம் நீங்கியது என்னும் பொருள்பட ஓர் அடைமொழியை ஆசிரியர் கொடுத்துள்ளார். பிறர் படும் அல்லலிலிருந்து பிறக்கும் களிப்பு இவ்வுவகையுள் அடங்காது எனக் கொள்வது பொருத்தமாகும். விளையாட்டிலிருந்து வாழ்வு கற்கத்தக்கது யாது என்னும் வினாவிற்கு விடை தேட, இவ்வடைமொழியே அளவுகோலாக அமையும்.

கோழிக்கு நட்ட கல்

அவ்வளவுகோலைக் கொண்டு அளக்கத்தக்க அரிய சான்று ஒன்று இதே விழுப்புரம் வட்டாரத்தில் கிடைத்துள்ளது. அரசலாபுரத்து நடுகல் அது. ஆநிரை மீட்டு வீழ்ந்த மறவனுக்குக் கல் எடுப்பது தமிழர் மரபு. இக்கல்லோ ஒரு சேவலுக்கு எடுக்கப்பட்டது. சேவலின் உருவமும், அது முகையூர் மேற்சேரிக் கோழி என்பதைக் குறிக்கும் வட்டெழுத்துப் பொறிப்பும் அதில் உள்ளன. எழுத்தமைதி கொண்டு இதனைக் கி.பி. 5ஆம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கணிப்பர். பனமலைக் கோயிலினும் பழமையானது இக்கல் என்பது இதனாற் பெறப்படும்.

செங்கல்பட்டுப் பகுதியைச் சேர்ந்த இந்தளூரிலும் இத்தகைய கல் ஒன்று உண்டு. அங்குள்ளது கீழ்ச்சேரிக் கோழி. அதற்குப் பொற்கொற்றி என்னும் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. ஓரூரில் மேற்சேரி, மற்றோரூரில் கீழ்ச்சேரி எனச் சேரியின் பெயரோடு சேவல் சுட்டப்படுவதை நோக்கின், அது வளர்த்தவன் ஒருவனின் உடைமையாக மட்டும் இருந்ததில்லை. சேரி முழுவதின் பெருமையையும் தாங்கிக் களம் புகுந்தது என்பது விளங்கும். இன்று ஓர் ஊரின் பெயரைச் சட்டையில் பொறித்துக்கொண்டு இளைஞர் களத்தில் இறங்குவதற்கும் இதற்கும் இடையே உள்ள உறவு எளிதில் புலப்படும்.

எனினும் இருவர்க்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. இளைஞன் தானே விரும்பிக் களம் புகுகின்றான். வேண்டாதபோது விலகவும் செய்கின்றான். சேவலுக்கு அவ்வுரிமை இல்லை. சேரி அடைந்த களிப்புக்குச் சேவல் உயிரை விலையாகக் கொடுத்தது. அதற்குக் கல் நட்டவர்கள் அவ்விலையை உணர்ந்திருந்தனர் என்றே கொள்ளலாம். உணராதவர்க்குக் கல் நடும் எண்ணம் தோன்றியிராது. விலங்குகளையும் பறவைகளையும் போரிட வைப்பதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியது. ஏறுதழுவல் பற்றி நிகழ்ந்த வழக்கும் இதே வினாவை ஒட்டியதே. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 சனவரியில் இளைஞர் திரண்டெழுந்த போராட்டத்தின் பின் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொணர்ந்தது. 2023 மே 18ஆம் நாள் ஐவர் கொண்ட அரசமைப்பு அமர்வு அத்திருத்தம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இவ்வழக்கின் உள்ளே கிடந்த கேள்வி, மகிழ்ச்சிக்கு எல்லை எங்கே என்பதாகும்.

விலக்குவார் இல்லாத போர்

அவ்வெல்லையைப் பற்றிச் சங்கப் புலவர் ஒருவர் முன்பே சிந்தித்திருக்கின்றார். குறுந்தொகையில் தலைவியின் காமநோய்க்கு அவர் கூறிய உவமை, குப்பைமேட்டில் தாமாகவே பொரும் கோழிகளின் சண்டை. களத்தில் நிகழும் கோழிப்போரைத் தொடங்கிவைப்பவரும் உளர், முடித்துவைப்பவரும் உளர். குப்பைமேட்டுச் சண்டையை விலக்குவார் எவருமில்லை. அது தானே ஓய்ந்தால்தான் உண்டு. தன் நோயும் அத்தகையதே என்கின்றாள் தலைவி. இவ்வுவமையின் சிறப்பால் புலவரின் இயற்பெயர் மறைந்து, குப்பைக் கோழியார் என்னும் பெயரே நிலைத்தது.

ஆட்டத்தையும் அழிவையும் பிரிக்கும் கோடு இவ்வுவமையில் தெளிவாகத் தெரிகின்றது. தொடக்கமும் முடிவும், நிறுத்தச் சொல்லும் குரலும், அக்குரலுக்குப் பணியும் மனமும் இருந்தால் அது விளையாட்டு. அவை இல்லாதவிடத்து எஞ்சுவது சண்டை.

திருவள்ளுவர் இக்கருத்தை வேறொரு முனையிலிருந்து தொட்டார். நூலறிவு நிரம்பாதவன் அவையில் பேசப் புகுவது, கட்டம் வரையாமல் வட்டுக்காய் உருட்டி ஆடுவது போன்றது என்பது கல்லாமை அதிகாரத்தின் முதற் குறள் தரும் பொருள். வரைந்த கட்டத்திற்கு அவர் ஆண்ட சொல் அரங்கு. ஆட்டக் கட்டத்திற்கும், கூத்தாடும் மேடைக்கும், பின்னாளில் கவிஞர் கூடும் அவைக்கும் அச்சொல் ஒன்றே வழங்கி வருகின்றது. கோடு கிழித்த இடமே அரங்கு. கோட்டிற்குக் கட்டுப்பட்டு நிற்பவர்க்கே ஆட்டம் இன்பம் தருகின்றது.

சிறுவர் ஆட்டங்கள் கற்பிப்பவை

கீழடி அகழாய்வில் நூற்றுக்கணக்கான வட்டச் சில்லுகளும், ஆட்டக்காய்களும், பகடைக்காயும் கிடைத்துள்ளன. உடைந்த பானையோட்டைத் தேய்த்துச் சில்லாக்கும் பழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பிள்ளைகளிடம் அண்மைக்காலம் வரை தொடர்ந்தது. பனை மிகுந்த ஊர்களில் பனங்காய் வண்டியும் ஓலைக் காற்றாடியும் பிள்ளைகள் தாமே செய்துகொள்ளும் விளையாட்டுப் பொருள்கள். பொருட்செலவு இல்லாமலே உவகை விளையும் என்பதை ஏழைப் பிள்ளைகள் இவற்றால் அறிந்தனர்.

ஆடுபுலி ஆட்டத்தில் புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆடு புலியை வெட்ட இயலாது. ஒன்றையொன்று அணைந்து நின்று புலிக்கு வழியடைப்பதே ஆட்டின் வெற்றி. வலியவரை எளியவர் வெல்லும் வழியை ஆசிரியர் இன்றியே அக்கட்டங்கள் உணர்த்தின. சடுகுடுவில் தொடப்பட்டவன் களத்தை விட்டு வெளியேறுகின்றான். ஆனால் அவன் அணி எதிரணியில் ஒருவரை வீழ்த்தினால் மீண்டும் உள்ளே வருகின்றான். வீழ்ந்தவன் எழுவது தன் வலிமையால் மட்டும் அன்று, தோழர் முயற்சியாலும் ஆகும் என்னும் உண்மை அவ்விதியில் பொதிந்துள்ளது. மூச்சடக்கிப் பாடிச் செல்லும் அவ்வாட்டம் 1990ஆம் ஆண்டு பெய்சிங் ஆசிய விளையாட்டுகளில் முதன்முறையாகப் பதக்கத்திற்குரிய போட்டியாயிற்று. அதில் இந்தியா தங்கம் வென்றது.

எல்லா ஆட்டமும் நல்லனவே கற்பிக்கும் என்று கொள்வதற்கும் இல்லை. பல்லாங்குழியில் இருவரும் சமமான காய்களோடு தொடங்குகின்றனர். ஆட்டம் வளர வளர ஒருவர் பக்கம் பெருகி, மற்றவர் குழிகள் வெறுமையாகின்றன. பேராசிரியர் தொ. பரமசிவன் 1997இல் வெளிவந்த 'அறியப்படாத தமிழகம்' நூலில், தனியுடைமை தோன்றிப் பொதுவுடைமை அழிந்த வரலாற்றின் சுவட்டை இவ்வாட்டத்தில் கண்டார். இழப்பை ஊழென ஏற்கும் மனத்தையும் ஆட்டம் பழக்கக்கூடும். ஆயினும் அதே பல்லாங்குழியில் அடுத்த ஆட்டம் தொடங்கும்போது காய்கள் மறுபடியும் சமமாகப் பங்கிடப்படுவதும் உண்டு. வாழ்க்கை எளிதில் தராத மறுபங்கீட்டை ஆட்டம் தருகின்றது.

ஆடலே பாடலானது

இச்செய்திகள் கவிஞர்க்கு அயலானவை அல்ல. ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலையின் ஒழிபில் வென்றிகள் பல தொகுக்கப்பட்டுள்ளன. கோழி வென்றி, தகர் வென்றி, யானை வென்றி, குதிரை வென்றி, யாழ் வென்றி, சூது வென்றி, ஆடல் வென்றி என வரும் வரிசையில் பாடல் வென்றியும் இடம்பெறுகின்றது. பாடுவோரைப் பொருகளத்திலிருந்து அவர் பிரித்து வைக்கவில்லை.

மாணிக்கவாசகர் மகளிர் விளையாட்டுகளின் வடிவத்தையே பாட்டின் வடிவமாகக் கொண்டார். திருவம்மானை, திருச்சாழல், திருவுந்தியார், திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல் என்னும் திருவாசகப் பகுதிகள் அதற்குச் சான்று. பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர், அம்மானை, ஊசல் ஆகியன பருவங்களாயின. காளமேகப் புலவர் திருமலைராயன் அவையில் எமகண்டம் பாடினார் என்னும் மரபுச்செய்தி, பாட்டே போட்டியாக நிகழ்ந்த காலத்தை நினைவூட்டுகின்றது. கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா முடிப்பவரும் கட்டத்திற்குள் காய் நகர்த்துபவரே. தளை தட்டாமல் செல்லும்போது அவர் அடையும் மகிழ்ச்சி, கோட்டை மிதிக்காமல் பாண்டியாடி முடித்த சிறுமியின் மகிழ்ச்சியினின்றும் வேறானதன்று.

மீண்டும் அடுக்கிய காய்கள்

பனமலைக் கோயிலை எடுத்த இராசசிம்மனின் கடற்கரைக் கோயில் விளங்கும் மாமல்லபுரத்தில், 2022 சூலை 28 முதல் ஆகத்து 10 வரை 44ஆம் சதுரங்க ஒலிம்பியாடு நிகழ்ந்தது. இந்தியாவின் இரண்டாம் அணியில் முதற்பலகையில் ஆடிய சென்னை இளைஞர் குகேசு, தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் வென்றார். பத்தாம் சுற்றில் உசுபெக்கிசுத்தானின் அப்துசத்தொரோவிடம், நல்ல நிலையில் இருந்த ஆட்டத்தை இழந்தார். தங்கத்தை எதிர்நோக்கியிருந்த அவ்வணிக்கு வெண்கலமே கிடைத்தது. ஈராண்டுக்குப் பின், 2024இல் புடாபெசுட்டில் இந்திய அணி தங்கம் வென்றபோது அதே இளைஞர் முதற்பலகையில் இருந்தார். அவ்வாண்டு திசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் திங் லிரனை வென்று, 18 வயதில் உலக வாகையர் ஆனார்.

வெற்றி உறுதியான அந்நேரத்தில் அவர் கண்ணீர் பெருக அமர்ந்திருந்தார். பின்னர், அவை ஆரவாரித்துக்கொண்டிருக்க, பலகையில் கலைந்து கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, தொடக்கத்தில் நின்ற கட்டங்களிலேயே மீண்டும் வைத்தார். தம் காய்களோடு எதிராளியின் காய்களும் அவர் கையால் தத்தம் இடம் சேர்ந்தன.

தொல்காப்பியர் சொன்ன துன்பம் நீங்கிய உவகைக்கு இச்செயலை இலக்கணமாகக் காட்டலாம். வென்றவன் தோற்றவனின் அரசையும் நிமிர்த்தி வைக்கின்றான். அரங்கு அடுத்தவர்க்காகக் காத்திருக்கின்றது. மேற்சேரிச் சேவலுக்கு அத்தகைய மறு ஆட்டம் வாய்க்கவில்லை. ஊரார் அதற்குக் கொடுக்க முடிந்தது ஒரு கல்லே. மனிதர் தமக்குள் வகுத்துக்கொண்ட ஆட்டங்களோ தோற்றவரை உயிரோடும் மானத்தோடும் வீட்டிற்கு அனுப்பி, மறுநாளும் களத்திற்கு அழைக்கின்றன. சொல்லை ஆட்டமாகக் கொண்ட கவிஞர் அவைகளும் அவ்வாறே நிகழுமாயின், பாடியவரும் கேட்டவரும் பனமலை உமையின் முகத்தில் எஞ்சியிருக்கும் மகிழ்ச்சியை ஒருங்கே எய்துவர்.