வினைவகை

தமிழ்நாட்டு வேதியியல் பாடநூலில் ‘வினைவகை’. இலங்கையில் ‘தாக்க வரிசை’. ‘வகை’ என்றதும் சேர்க்கை வினை, சிதைவு வினை என்ற பாகுபாடுதான் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. வேக விதியில் செறிவின் தலைமேல் ஏறி நிற்கும் எண் இது. ‘வரிசை’, ஆங்கில ‘ஆர்டர்’ பிறந்த இலத்தீன் ‘ஓர்டோ’வுக்கு நேர். என்னைக் கேட்டால், கணக்கில் ஏற்கெனவே புழங்கும் ‘அடுக்கு’ என்றே வைத்திருக்கலாம்.

சமன்பாட்டைப் பார்த்து இந்த எண்ணைச் சொல்லிவிட முடியாது. மாணவர்கள் வழுக்குவதும் இங்கேதான். நைட்ரிக் ஆக்சைடும் ஹைட்ரஜனும் வினைபுரிந்து நைட்ரஜனும் நீரும் வரும் வினையில் இரண்டுக்கும் கெழு 2. அளந்து பார்த்தால் கதை வேறு. ஹைட்ரஜனை அப்படியே வைத்து நைட்ரிக் ஆக்சைடை இரட்டித்தால் தொடக்க வேகம் 4 மடங்கு. ஆக, வகை 2. ஹைட்ரஜனை இரட்டித்தால் வேகம் 2 மடங்குதான், வகை 1. மொத்த வினைவகை 3. தொடக்க வேகத்தை எடுப்பதற்குக் காரணம் உண்டு: அப்போது விளைபொருள் குறுக்கிடாது, செறிவும் நாம் செலுத்திய அளவிலேயே இருக்கும்.

வகை தெரிந்தால் வினைவேக மாறிலி வெறும் வகுத்தல்தான்: வேகத்தை, அந்தந்த வகைக்கு உயர்த்திய செறிவுகளின் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். லிட்டருக்கு நைட்ரிக் ஆக்சைடு 0.005 மோல், ஹைட்ரஜன் 0.002 மோல், தொடக்க வேகம் வினாடிக்கு லிட்டருக்கு 1.25×10⁻⁵ மோல் என்றால் மாறிலி 250. அலகு: லிட்டர்² மோல்⁻² வினாடி⁻¹. முதல் வகை வினையானால் வினாடி⁻¹ மட்டும். அலகைப் பார்த்தே வகையைச் சொல்லிவிடலாம்.