பல குடும்பங்கள், ஒரே அறை: ஓர் உளச்சிகிச்சை முறையின் வரலாறும் அதன் கணக்கும்

உளநோய் வைத்தியத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் மருந்துகளின் வரலாற்றையே எழுதுகிறார்கள். 1952இல் குளோர்புரோமசின் என்ற மருந்து பயன்பாட்டுக்கு வந்தது, அதன் பின்னர் வைத்தியசாலைகளின் கதவுகள் திறந்தன என்று அந்த வரலாறு செல்லும். அதில் பொய்யில்லை. ஆனால் கதவு திறந்து வெளியே வந்த நோயாளர் எங்கே சென்றார், அவரை ஏற்றுக்கொண்ட தாயும் தந்தையும் எப்படிச் சமாளித்தார்கள் என்ற கேள்விகளுக்கு அங்கே விடை கிடைப்பதில்லை. இந்தக் கேள்விகளிலிருந்து பிறந்த ஒரு சிகிச்சை முறையைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். பல குடும்பங்களை, அவற்றின் நோயாளர்களோடு சேர்த்து, ஒரே அறையில் அமரவைத்து நடத்தப்படும் குழு உளச்சிகிச்சை அது.

பத்திரிகையாளனாக நான் பணியாற்றிய காலத்தில் எங்கள் நாட்டில் போர் நடந்துகொண்டிருந்தது. இறந்தவர்களை எண்ணினோம், காயமடைந்தவர்களை எண்ணினோம், இடம்பெயர்ந்தவர்களையும் எண்ணினோம். வீட்டின் பின்னறையில் பேச்சிழந்து அமர்ந்திருந்தவர்களை எவரும் எண்ணவில்லை. அவர்களைப் பற்றிச் செய்தி எழுத முனைந்தபோதெல்லாம் குடும்பத்தினர் முதலில் கேட்டுக்கொண்டது, பெயரைப் போடவேண்டாம் என்பதைத்தான். ஆகவே இந்த வரலாறு அமெரிக்காவில் தொடங்கினாலும் எமக்கு அந்நியமானதல்ல.

கிரீட்மூரில் ஒரு தொடக்கம்

நியூயோர்க் நகரின் குயீன்ஸ் பகுதியில் கிரீட்மூர் என்ற அரச உளநோய் வைத்தியசாலை இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் பீற்றர் லக்கோர் என்ற வைத்தியர் அங்கே இன்சுலின் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றினார். நோயாளருக்கு இன்சுலினை மிகுதியாக ஏற்றி, இரத்தத்தில் சீனியின் அளவைக் குறைத்து, ஆழ்ந்த மயக்கத்துக்கு உட்படுத்தி, பின்னர் குளுக்கோசு கொடுத்து எழுப்புவதே அந்தச் சிகிச்சை. மன்பிரெட் சாக்கெல் என்பவர் வியன்னாவில் தொடக்கிவைத்த இந்த முறை அக்காலத்தில் பல நாடுகளில் நம்பிக்கையோடு கையாளப்பட்டது.

நோயாளரைப் பார்க்க வந்த உறவினர்கள் வைத்தியர்களைச் சூழ்ந்துகொண்டு விளக்கம் கேட்டார்கள். ஒவ்வொரு குடும்பத்தோடும் தனித்தனியே பேசுவதற்கு வைத்தியர்கள் போதாத காலம். எனவே உறவினர்களை ஒன்றாக அழைத்துப் பேசினார்கள். உள்ளே இருந்த நோயாளர்களுக்கோ சந்தேகம் எழுந்தது. தங்களுக்குத் தெரியாமல் தங்களைப் பற்றி என்ன பேசப்படுகிறது என்று கேட்டார்கள். கடைசியில் இரு தரப்பினரையும் ஒரே வட்டத்தில் அமரவைப்பதே வழியாயிற்று.

ஆளணிப் பற்றாக்குறையால் ஏற்பட்ட இந்த ஏற்பாட்டில் எதிர்பாராத ஒரு நன்மை இருப்பதை லக்கோர் கண்டார். தன் மகனிடம் தான் எப்படிப் பேசுகிறேன் என்பதைக் காண முடியாத ஒரு தந்தை, எதிரே அமர்ந்திருக்கும் வேறொரு தந்தை அவர் மகனை நோக்கிப் பேசுவதைக் கேட்கும்போது தன்னையே அங்கே காண்கிறார். வைத்தியர் சொன்னால் குற்றச்சாட்டாகத் தோன்றும் ஒரு கருத்து, இன்னொரு தாயின் வாயிலிருந்து வரும்போது அனுபவமாகிவிடுகிறது. ஒப்புமையால் கற்றல் என்று இதனை லக்கோர் விளங்கிக்கொண்டார். 1964இல் சக வைத்தியர்களுடன் சேர்ந்து இம்முறையைப் பற்றி ஓர் அறிக்கையை வெளியிட்டார். பின்னர் வேர்மொன்ற் மாநில அரச வைத்தியசாலையிலும் இந்தப் பணியைத் தொடர்ந்தார்.

இலண்டனில் நடைபெற்று 1957இல் வெளியான ஓர் ஒப்பாய்வு, இன்சுலின் மயக்கத்துக்கென்று தனியான பயன் எதுவும் இல்லை என்று காட்டியது. அந்தச் சிகிச்சை சில ஆண்டுகளில் மறைந்துபோயிற்று. அந்தப் பிரிவின் ஓரத்தில் உருவான குடும்ப வட்டமே நிலைத்தது.

தாயின் தலையில் விழுந்த பழி

அக்காலத்தில் குடும்பங்களை அழைத்துப் பேசுவது ஒன்று. அவற்றை மதிப்பது வேறொன்று. மனச்சிதைவு நோயை உண்டாக்கும் தாய் என்ற கருத்தை பிரீடா புரோம்-ரைக்மன் 1948இல் முன்வைத்தார். 1956இல் கிரகரி பேட்சனும் அவரது குழுவினரும் இரட்டைக் கட்டு என்ற கோட்பாட்டை வெளியிட்டனர். ஒன்றுக்கொன்று முரணான கட்டளைகளை இடும் குடும்பப் பேச்சிலிருந்தே நோய் விளைகிறது என்ற எண்ணம் அதிலிருந்து பரவியது. மறே போவன் என்பவர் 1954 முதல் வாஷிங்டனுக்கு அருகிலுள்ள பெதஸ்டாவில் நோயாளரோடு முழுக் குடும்பத்தையுமே ஆய்வு விடுதியில் தங்கவைத்துக் கவனித்தார். இவர்களது சிந்தனை குடும்ப உளச்சிகிச்சை என்ற துறைக்கு வழிவகுத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பிள்ளையின் நோயால் நொந்துபோன தாயிடம் இந்த நோய்க்குக் காரணமே நீதான் என்று சொல்லாமற் சொல்லிய துறையாகவும் அது இருந்தது.

இதே காலத்தில் வைத்தியசாலைகள் வெறுமையாகத் தொடங்கின. 1955இல் ஐக்கிய அமெரிக்காவின் அரச உளநோய் வைத்தியசாலைகளில் ஏறத்தாழ 5 இலட்சத்து 59 ஆயிரம் பேர் இருந்தனர். அதன் பின்னர் இந்தத் தொகை ஆண்டுதோறும் குறைந்தது. சமூக உளநல நிலையங்களுக்கான சட்டம் 1963இல் நிறைவேறியபோதும், வாக்களிக்கப்பட்ட நிலையங்களில் பல எழவேயில்லை. இந்தச் சுமையைக் குடும்பங்களே தாங்கின. நோய்க்குக் காரணம் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்களிடமே நோயாளர் ஒப்படைக்கப்பட்டார்.

இலண்டனில் ஜோர்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் 1950களின் இறுதியில் வேறொரு கோணத்தில் ஆராய்ந்தார். வைத்தியசாலையை விட்டுச் சென்றவர்களில், பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட வாடகை விடுதியில் அல்லது சகோதரருடன் தங்கியவர்கள் நன்றாக இருந்தார்கள் என்று அவர் கண்டார். குறை கூறுதல், பகைமை, அளவுமீறிய ஈடுபாடு ஆகியவை நிறைந்த வீடுகளில் நோய் மீண்டும் தலைதூக்குகிறது என்ற முடிவு இதிலிருந்து வளர்ந்தது. கிறிஸ்டின் வோனும் ஜூலியன் லெவ்வும் 1976இல் வெளியிட்ட கணக்கின்படி, அத்தகைய வீடுகளில் 9 மாதங்களுக்குள் நோய் மீண்டவர்கள் 51 சதவீதம். மற்ற வீடுகளில் 13 சதவீதம். இந்த ஆய்வு, குடும்பம் நோயை உண்டாக்குகிறது என்று சொல்லவில்லை. நோயின் போக்கை வீட்டின் சூழல் மாற்றும் என்றே சொன்னது. அப்படியானால் அந்தச் சூழலை மாற்றக் குடும்பத்துக்கு உதவலாம் அல்லவா?

பெற்றோர்களும் இதற்குள் வாய்திறந்துவிட்டார்கள். 1979இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் மடிசன் நகரில் நோயாளரின் குடும்பத்தினர் கூடித் தமக்கென ஒரு தேசிய அமைப்பைத் தொடங்கினர். அறிவும் உதவியும் தேவை, பழி தேவையில்லை என்பதே அவர்களது குரலாக இருந்தது.

தொண்ணூறு நிமிடங்கள்

இந்த இரு நீரோட்டங்களையும் இணைத்தவர் வில்லியம் மக்பார்லேன் என்ற அமெரிக்க உளநோய் வைத்தியர். லக்கோரின் வட்டத்தையும், பிற்ஸ்பேர்க் நகரில் கரோல் அன்டர்சனும் ஜெரார்ட் ஹோகார்ட்டியும் வளர்த்த குடும்ப உளக்கல்வியையும் அவர் ஒன்றாக்கினார். அவர் வகுத்த முறை எளிமையானது. முதலில் ஒவ்வொரு குடும்பத்தையும் வைத்தியர் குறைந்தது மூன்று முறை தனியே சந்திப்பார். பின்னர் நோய் என்றால் என்ன, மருந்து என்ன செய்யும் என்பதை விளக்கும் ஒருநாள் பட்டறை. அதன் பின்னர் ஐந்து முதல் எட்டுக் குடும்பங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றரை மணிநேரம், இரண்டு சிகிச்சையாளர்கள் முன்னிலையில் கூடும்.

அந்தத் தொண்ணூறு நிமிடங்களின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். முதற் கால் மணிநேரம் நோயைப் பற்றிப் பேசுவதில்லை. சமையல், வேலை, விளையாட்டு என்று ஊர்ப்பேச்சுத்தான். நோயைத் தவிர வேறெதையும் பேச மறந்துவிட்ட வீடுகளுக்கு அதுவே முதல் மருந்து. பின்னர் இரு வாரங்களில் நிகழ்ந்ததை ஒவ்வொருவரும் சொல்வார்கள். அவற்றில் ஒரேயொரு பிரச்சினை தெரிவுசெய்யப்படும். மகன் இரவில் உறங்காமல் நடமாடுகிறான்; மகள் மருந்தை மறைக்கிறாள்; இப்படி ஏதாவதொன்று. எல்லோரும் வழிகளைச் சொல்ல, அவை பலகையில் எழுதப்படும். நன்மை தீமைகள் ஆராயப்படும். உரிய குடும்பம் ஒன்றைத் தெரிந்துகொண்டு வீடு செல்லும். இறுதியில் மீண்டும் சற்றுநேரம் ஊர்ப்பேச்சு.

நியூயோர்க் மாநிலத்தின் ஆறு அரச வைத்தியசாலைகளில் 172 நோயாளர்களைக் கொண்டு நடத்திய ஆய்வை மக்பார்லேன் குழுவினர் 1995இல் வெளியிட்டனர். இரண்டு ஆண்டுகளில் நோய் மீண்டவர்கள், தனிக்குடும்பச் சிகிச்சையில் 27 சதவீதம். பல்குடும்பக் குழுவில் 16 சதவீதம். இரு சாராருக்கும் மருந்தும் கல்வியும் கிடைத்தன. வேறுபட்டது, அறையில் பிற குடும்பங்கள் இருந்தமையே. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டியும், குடும்பச் சிகிச்சை குறைந்தது 10 அமர்வுகளாக அமையவேண்டும் என்றும், தனியாகவா பல குடும்பங்களுடனா என்பதில் குடும்பத்தின் விருப்பத்தைக் கேட்கவேண்டும் என்றும் கூறுகிறது.

பற்றுச்சீட்டு யார் பெயரில்?

இவ்வளவு பயனுள்ள முறை ஏன் எங்கும் பரவவில்லை? விடையின் ஒரு பகுதி கணக்கேட்டில் உள்ளது. அமெரிக்காவில் வைத்தியர் செய்யும் ஒவ்வொரு பணிக்கும் ஓர் இலக்கம் உண்டு. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966 முதல் வெளியிட்டுவரும் சிபிடி என்ற பட்டியல் அது. நோயாளர் இல்லாமல் குடும்பத்தோடு பேசினால் 90846. நோயாளரும் இருந்தால் 90847. சாதாரணக் குழுச்சிகிச்சைக்கு 90853. பல்குடும்பக் குழுவுக்கு 90849. கடைசி இலக்கத்தை ஒரு குடும்பத்துக்கு ஒருமுறை எழுதலாம். குடும்பத்திலிருந்து நால்வர் வந்தாலும் கட்டணம் ஒன்றே.

காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது, இதில் நோயாளி யார் என்பதே. ஒருவருடைய பெயரில், அவருடைய நோயின் பெயரில், அவருடைய சிகிச்சைக்கு அவசியம் என்று காட்டினால்தான் பணம் வரும். தாயின் துயரத்துக்கோ தம்பியின் அச்சத்துக்கோ அந்தப் பற்றுச்சீட்டில் இடமில்லை. ஒவ்வொரு நோயாளரின் கோவையிலும் தனித்தனியே குறிப்பு எழுதவேண்டும். ஒரு குடும்பத்தின் கோவையில் மற்றக் குடும்பத்தின் அடையாளம் வந்துவிடக் கூடாது. முதியோருக்கும் வலுவிழந்தோருக்குமான மெடிகெயார் திட்டம், நோயாளரின் சிகிச்சையே முதன்மை நோக்கமாக இருந்தாலன்றிக் குடும்ப அமர்வுக்குப் பணம் கொடுப்பதில்லை. 90849ஐ அது எல்லா இடத்திலும் ஒரே சீராக ஏற்பதுமில்லை.

இது வெறும் எழுதுவினைஞர் விவகாரமன்று. ஆறு குடும்பங்களைத் தனித்தனியே ஒவ்வொரு மணிநேரம் சந்தித்தால் ஆறு மணிநேர உழைப்பு. இரண்டு சிகிச்சையாளர்கள் ஒன்றரை மணிநேரம் குழுவோடு இருந்தால் மூன்று மணிநேரம். செலவு பாதிதான். ஆனால் நோய் மீளாததால் மிச்சமாகும் வைத்தியசாலைச் செலவு காப்புறுதிக்கோ அரசுக்கோ போய்ச் சேர்கிறது. குழுவை நடத்திய நிலையத்துக்கு வருவதில்லை. பட்டறைக்கும், தொலைபேசியில் குடும்பத்தை வற்புறுத்தி அழைக்கும் நேரத்துக்கும் அந்த இலக்கத்தில் எதுவும் கிடையாது. நல்ல மனம் படைத்த நிலையங்கள் தொடங்குகின்றன. மானியம் முடிந்ததும் நிறுத்திவிடுகின்றன.

ஒரு மாற்றத்தையும் குறிப்பிடவேண்டும். 2023இல் அதே பட்டியலில் 96202, 96203 என்ற இரண்டு புதிய இலக்கங்கள் சேர்ந்தன. நோயாளர் இல்லாமல், பல குடும்பங்களின் பராமரிப்பாளர்களை ஒன்றுசேர்த்துப் பயிற்றுவிப்பதற்கானவை அவை. 2024 முதல் மெடிகெயார் அவற்றுக்குப் பணம் வழங்க இணங்கியது. பராமரிப்பவரைப் பயிற்றுவிப்பதும் ஊதியத்துக்குரிய வைத்தியப் பணியே என்று கணக்கேடு ஒப்புக்கொள்ள, கிரீட்மூர் வட்டத்துக்குப் பிறகு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

எமது பக்கம்

கிரீட்மூரில் வட்டம் கூடிய அதே 1950களில், பஞ்சாபின் அமிர்தசரஸ் மனநோய் வைத்தியசாலையில் வித்யா சாகர் என்ற வைத்தியர் வளாகத்தில் கூடாரங்களை அமைத்துக் குடும்பத்தினரை நோயாளரோடு தங்கவைத்தார். அவர்களைக் கூட்டி நோயைப் பற்றி உரையாடினார். தமிழ்நாட்டின் வேலூரில் 1957இல் புளோரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கிய உளநல நிலையத்திலும் உறவினர் உடன் தங்குவதே வழக்கமாயிற்று. அமெரிக்காவில் குடும்பத்தை உள்ளே அழைப்பது புதுமை. எமது பகுதியில் குடும்பம் ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருந்தது. இலங்கையில் ஆய்வு செய்த நான்சி வக்ஸ்லர், ஐந்து ஆண்டுகளின் பின் இங்குள்ள மனச்சிதைவு நோயாளர் பலர் நல்ல நிலையில் இருந்ததை 1979இல் எழுதினார். குடும்பமும் ஊரும் நோயாளரை ஒதுக்காமல் வைத்திருந்ததை அதற்கொரு காரணமாகக் கண்டார்.

ஆனால் அந்த ஊர் எங்கே? போர் அதனைச் சிதறடித்தது. போரின் காயம் தனிமனிதரோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே தாக்குகிறது என்று யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளநோய் வைத்தியர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதிவந்துள்ளார். இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பரிசிலும் அடுக்குமாடி வீடொன்றில் ஒரு தாய் நோயுற்ற மகனோடு தனித்திருக்கிறார். உதவிக்குப் பெரியம்மாவும் இல்லை, அயலும் இல்லை. விடயம் வெளியே தெரிந்தால் மகளின் கல்யாணம் குழம்பிவிடும் என்ற பயம் மட்டும் ஊரிலிருந்து கூடவே வந்துவிட்டது.

பல்குடும்பக் குழு என்பது இழந்த அயலைச் சிறிதளவு மீட்டுத்தரும் முயற்சி என்றே நான் கருதுகிறேன். அதில் இடர்ப்பாடும் உண்டு. எம்மவர் மட்டும் கூடும் அறையில், எதிரே அமர்பவர் எந்த ஊர், யாருக்கு உறவு என்ற கேள்வி முதலில் எழும். உள்ளே பேசியது வெளியே போகாது என்ற உறுதியைப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளரே கட்டிக்காக்க முடியும். நல்லெண்ணம் மட்டும் போதாது. கோயிலும் தேவாலயமும் ஊர்ச் சங்கமும் மண்டபத்தைத் தரலாம். தமிழ் பேசும் சிகிச்சையாளரைப் பயிற்றுவிக்கவும், அவருக்கு ஊதியம் கொடுக்கவும் யார் முன்வருவார்கள் என்பதே இனிக் கேட்கவேண்டிய கேள்வி. கனடாவிலும் பிரித்தானியாவிலும் எமது மக்கள் வரி செலுத்துகிறார்கள். அந்நாடுகளின் உளநல சேவைகளிடம் இதனைக் கோரிப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் கோரிக்கை விடுக்க, குறைந்தது ஐந்து குடும்பங்களாவது தங்கள் பெயரைக் கொடுக்க வேண்டியிருக்கும்.