மறுக்கப்பட்டவரே தலைவியானார்



"பெண்பிள்ளைக்கு முகாம் எதற்கு, டீச்சர்?" மலாக்காத் தோட்டப் பள்ளியில் என்னிடம் அடிக்கடி எழுப்பப்படும் வினா இது. அப்போதெல்லாம் ஒலேவ் பேடன்-பவல் அம்மையாரின் வரலாற்றையே மறுமொழியாகக் கூறுவேன்.

1889 பிப்ரவரி 22இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், சாரணர் இயக்க நிறுவுநரை 1912இல் மணந்தார். 1910இல் தோன்றிய பெண் சாரணியர் இயக்கத்தை நாத்தனார் ஆக்னஸ் வழிநடத்தி வந்தார். 1914இல் ஒலேவ் தொண்டாற்ற முன்வந்தபோது இயக்கம் அவரை ஏற்கவில்லை. அவர் மனந்தளரவில்லை. 1916இல் சசெக்ஸ் ஆணையரானார். 1918இல் தலைமைச் சாரணியர். 1930இல் உலகத் தலைமைச் சாரணியர். 1977இல் மறைந்தார். தம்பதியர் இருவருக்கும் பிறந்தநாளான பிப்ரவரி 22, சாரணியரின் உலகச் சிந்தனை நாளாகும்.

மறுக்கப்பட்டவர் மீண்டும் முயன்றார். நம் புத்திளம் சாரணியருக்கு முதல் வாய்ப்பையே நாம் மறுக்கலாமா? சிந்திப்போம்.