அவராகப் போனாரா? கிறிஸ்துவின் மரணமும் மனமுவப்பு என்னும் சிக்கலும்

மீஞ்சூரில் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை. மும்மணி ஆராதனை முடிந்து, ஆலய வாசலில் எவர்சில்வர் அண்டாவிலிருந்து கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் செய்தி கொடுத்திருந்தார்கள். ஏழு பேரும் எங்காவது ஓரிடத்தில் "மனப்பூர்வமாகத் தம்மைக் கொடுத்தார்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்கள். சூட்டுக்கு முந்தானையைச் சுற்றி டம்ளரைப் பிடித்திருந்த ஒரு வயதான அம்மா என் பக்கம் திரும்பினார். "அவராத்தான் போனாருன்றாங்க. அப்போ அந்த யூதாசு இன்னாத்துக்கு தம்பி? அவராப் போனாரா, இட்டுக்கினு போனாங்களா?"

இறையியல் நூல்கள் பல பக்கங்களில் சுற்றி வருகிற சிக்கலை அவர் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். கிறிஸ்துவின் மரணம் தன்விருப்பமான பலி என்பது எல்லாத் திருச்சபைகளுக்கும் பொதுவான நம்பிக்கை. தம் உயிரை எவரும் பறிப்பதில்லை, தாமே கொடுப்பதாக யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இயேசுவே சொல்கிறார். அதே நற்செய்தியில் அவரைக் கட்டி இழுத்துப் போகிறார்கள், அறைகிறார்கள், ஆணி அடிக்கிறார்கள். ஒரே மரணம் கொடையாகவும் கொலையாகவும் இருப்பது எப்படி? இந்த நம்பிக்கையை நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் தேடுகின்றன என்பது என் வாதம். சாக வேண்டும் என்று அவர் விரும்பியதற்கு நற்செய்திகளில் சான்று கிடையாது. தப்பிக்க வழி இருந்தும் அவர் நின்றார் என்பதற்குத்தான் சான்று இருக்கிறது. தன்விருப்பம் என்பது அந்த நிற்றலில் இருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்க்கலாம். கிரேக்க மூலத்தில் 'பரதிதோமி' என்று ஒரு வினை: ஒருவரை இன்னொருவர் கையில் கொடுத்துவிடுவது. யூதாஸ் இயேசுவைத் தலைமைக் குருக்களிடம் கொடுப்பதும், அவர்கள் பிலாத்துவிடம் கொடுப்பதும், பிலாத்து சிலுவைக்குக் கொடுப்பதும் மாற்கு நற்செய்தியில் இந்த ஒரே வினைதான். பவுல் ரோமர் எட்டாம் அதிகாரத்தில் பிதா தம் மகனைக் கொடுத்ததற்கும், கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் மகன் தம்மையே கொடுத்ததற்கும் அதையே ஆள்கிறார். யோவான் பத்தொன்பதாம் அதிகாரத்தில் இயேசு தலை சாய்த்து ஆவியைக் கொடுப்பதும் அதே வினை. துரோகி, குருக்கள், நீதிபதி, பிதா, மகன் என்று ஐந்து கைகள், சொல் ஒன்று.

தமிழில் இது அப்படியே நிற்க முடியவில்லை. புராட்டஸ்டண்ட் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய திருப்புதல், யூதாசுக்கு மட்டும் 'காட்டிக்கொடு' என்பதை ஒதுக்கிவிட்டு, பிலாத்துவுக்கும் பிதாவுக்கும் மகனுக்கும் 'ஒப்புக்கொடு' என்பதைத் தருகிறது. மொழிபெயர்ப்பாளர் மீது குறை சொல்ல மாட்டேன். தமிழில் யூதாஸ் 'ஒப்புக்கொடுத்தான்' என்று எழுதினால் அவன் ஏதோ காணிக்கை செலுத்தியது போலாகிவிடும். ஆனால் அந்தப் பிரிப்பில் ஒன்று தொலைகிறது. ஒரே நிகழ்ச்சிக்குள் பல மனங்கள் வேலை செய்கின்றன, அவற்றுள் ஒன்றின் விருப்பம் மற்றதன் குற்றத்தைக் கழுவிவிடுவதில்லை என்ற நெருக்கடி கிரேக்கத்தில் காதில் விழுகிறது, தமிழில் விழுவதில்லை. பதிலுக்குத் தமிழ் வேறொன்றைத் தருகிறது. ஒப்புக்கொடுத்தலில் 'ஒப்பு' இருக்கிறது. ஒப்புக்கொள்வது, ஒப்பந்தம், ஒப்புதல் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. இசைவு இல்லாத ஒப்புக்கொடுத்தல், சொல்லளவிலேயே கொஞ்சம் இடறுகிறது.

கத்தோலிக்கத் திருப்பலியின் இரண்டாம் நற்கருணை மன்றாட்டு இந்த நெருக்கடியைத் துணிந்து அப்படியே வைத்திருக்கிறது. அதன் லத்தீன் மூலத்தில், இயேசு பாடுகளுக்குக் கையளிக்கப்பட்டபோது என்ற செயப்பாட்டு வினையின் பக்கத்திலேயே, மனமுவந்து என்று பொருள்படும் வினையடை நிற்கிறது. செய்யப்பட்டது என்று வினை சொல்கிறது, மனமுவந்தது என்று அடை சொல்கிறது. கஞ்சி டம்ளரோடு நின்ற அந்த அம்மாவுக்கு முழுப் பதில் இந்த இலக்கண முரணில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

முரணை விளக்க முயன்றவர்கள் உண்டு. கான்டர்பரியின் பேராயர் ஆன்செல்ம் 1098இல் முடித்த நூலில், பாவமில்லாதவர் சாவுக்குக் கடன்பட்டவர் அல்லர், ஆகவே அவர் சாவு கொடையாகத்தான் இருக்க முடியும் என்றார். கணக்கு நேர்த்தியாக இருக்கிறது. நற்செய்தியின் வியர்வை அதில் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் ஓர் உவமை சொன்னார்: மழை அடிக்கும்போது சன்னலைச் சாத்தாமல் விட்டவன், நனைந்ததற்கு ஒருவகையில் தானும் காரணன், கிறிஸ்து தடுக்கக்கூடியதைத் தடுக்கவில்லை, அந்த அளவில் தம் சாவுக்குக் காரணர். அனல்மின் நிலையச் சாம்பலுக்குப் பயந்து பகலிலும் சன்னலைச் சாத்திவைக்கிற அத்திப்பட்டுப் பக்கத்து வீடுகளில் இந்த உவமையைச் சொல்லிப் பார்க்க வேண்டும். சன்னல் யாருடையது என்பதை மட்டும் கேட்டுவிட்டு, சாம்பல் யாருடையது என்று கேட்காமல் விட மாட்டார்கள். அக்குவினாஸே கொன்றவர்களை நேரடிக் காரணர் என்று தனியே நிறுத்துகிறார். ஆனாலும் மழைக்குக் குற்றம் இல்லை, பிலாத்துவுக்கு உண்டு. உவமை அந்த இடத்தில் ஒழுகுகிறது.

நம் பகுதியிலேயே இதைவிடக் கூர்மையான ஒப்பீடு இருக்கிறது. திருவொற்றியூர்ச் சக்கரப்பாடியில் செக்காட்டி வாழ்ந்த கலிய நாயனாரைப் பற்றிச் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடினார். ஒற்றியூர்க் கோயிலில் விளக்கெரிப்பது அவர் தொண்டு. செல்வம் கரைந்தது. பிறர் எண்ணெயை வாங்கி விற்றார், கூலிக்குச் செக்காட்டினார், கூலியும் அற்றுப்போனது. வீட்டை விற்றார், மனைவியை விற்கக் கொண்டுபோனார், வாங்க ஆளில்லை. கடைசியில் அந்தக் கோயிலின் இறைவனான படம்பக்கநாதர் சன்னிதியில் அகல்களை வரிசையாக வைத்துத் திரியிட்டு, எண்ணெய்க்குப் பதில் தன் குருதியை நிரப்பக் கழுத்தில் கருவியை வைத்து அரிந்தார். இறைவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

கலியரின் மனமுவப்பில் சந்தேகத்துக்கே இடமில்லை. கருவி அவர் கையில். கட்டளை எவருடையதும் இல்லை. கொலைகாரர் எவரும் இல்லை. நவகண்டச் சிற்பங்களில் தன் தலையைத் தானே அரிந்து நிற்கும் வீரர்களும் இந்த வகை. தமிழ் மரபில் தன்பலி என்றால் கண்முன் வருவது இந்த உருவம்தான், கை தானே செய்வது. நம் பிரசங்கியாரும் அறியாமலேயே இயேசுவை இந்த உருவத்துக்குள் வைத்துவிடுகிறார். ஆனால் நற்செய்தியில் அமைப்பு தலைகீழாக இருக்கிறது. இயேசுவின் கையில் கருவி இல்லை. பிறர் கொல்கிறார்கள். பிடிபடுமுன் கெத்செமனே தோட்டத்தில், துன்பத்தின் பாத்திரம் தம்மை விட்டு நீங்கும்படி மன்றாடுகிறார். கலியர் அப்படி ஒன்றும் மன்றாடவில்லை. தெய்வக் கை நீண்டு கலியரைத் தடுத்தது, மகன் ஈசாக்கைப் பலியிடப் போன ஆபிரகாமையும் தடுத்தது. சிலுவை நின்ற கொல்கொதாவில் எந்தக் கையும் நீளவில்லை. தானே தன்னைக் கொல்வதும் தன்னைக் கொடுப்பதும் ஒன்றா என்ற கேள்வியை யோவான் எட்டாம் அதிகாரத்தில் எதிராளிகளே கேட்டுவிடுகிறார்கள்: இவன் தற்கொலை செய்துகொள்ளப் போகிறானோ என்று.

கலியர் கதையில் இன்னொன்றும் என்னை விடுவதில்லை. விற்கக் கொண்டுபோன மனைவியின் மனம் என்ன? மகிழ்வோடு கொண்டுபோனவர் கலியர். அம்மையாரின் வாய்ச்சொல் ஒன்றும் கதையில் கேட்கவில்லை. தன்னைக் கொடுக்கும் உரிமை, தன்னைச் சேர்ந்தவரைக் கொடுக்கும் உரிமையாக எவ்வளவு எளிதாக வழுக்கிவிடுகிறது! ஈசாக்கின் கதையிலும் இந்த உறுத்தல் உண்டு. அதனால்தான் பிற்கால யூத மரபு ஈசாக்கை இசைவுள்ளவனாக்கப் பாடுபட்டது. முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் அவனுக்கு இருபத்தைந்து வயது என்கிறார், பலிபீடத்துக்கு மகிழ்ந்து விரைந்ததாகவும் எழுதுகிறார். பலியாகிறவரின் ஒப்புதல் இல்லாமல் பலி மனத்தை உறுத்துகிறது என்பதை அந்த மரபு உணர்ந்திருந்தது.

ஒப்புதல் என்றால் என்ன என்பதில் வடசென்னைக்காரர்களுக்குத் தனிப் பாண்டித்தியம் உண்டு. 'விருப்ப ஓய்வு' என்ற சொல்லை இங்கே எந்த வீட்டில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். இன்று போட்டால் இவ்வளவு, நாளை ஆலையே இருக்காது என்றார்கள். படிவத்தில் 'எவருடைய வற்புறுத்தலுமின்றி' என்று அச்சிட்டே இருந்தது. நிலம் கொடுத்தவர்கள், கடற்கரையை விட்டு நகர்ந்தவர்கள் எல்லோரும் மேடையில் 'நாட்டின் வளர்ச்சிக்காகத் தியாகம் செய்தவர்கள்' ஆகிவிடுகிறார்கள். தியாகம் என்று பெயர் வைப்பவர் வாங்கிக்கொண்டவராக இருந்தால், அந்தப் பெயரை நம்பாதே என்பது இங்கே பட்டறிவு. ஆகவே 'மனமுவந்து' என்ற சொல்லைச் சிலுவை மீதும் சும்மா ஒட்டிவிட முடியாது. அளவுகோல் ஒன்று வேண்டும்: மறுத்திருக்க முடியுமா?

நற்செய்திகள் இதற்குப் பதில் வைத்திருக்கின்றன. நாசரேத்தில் மலைவிளிம்பிலிருந்து தள்ளக் கொண்டுபோனபோது இயேசு கூட்டத்தின் நடுவே கடந்து போய்விடுகிறார். கல்லெறிய வந்தபோது மறைந்து வெளியேறுகிறார். கொலைத் திட்டம் உறுதியானதும் எப்ராயீம் என்ற ஊருக்கு ஒதுங்குகிறார். ஆக, தப்புவது அவருக்குத் தெரியாத வித்தை இல்லை; சாவைத் தேடி அலைந்தவரும் இல்லை. கடைசி இரவில் அவர் இருந்த இடத்தையும் கவனிக்க வேண்டும். கெதரோன் ஓடையைத் தாண்டி ஒலிவ மலை அடிவாரம். மகன் அப்சலோமுக்குத் தப்பிய தாவீது அரசர் ஏறிப்போன அதே வழி. இருட்டில் முகட்டைத் தாண்டிவிட்டால் பெத்தானியா, அதற்கப்பால் யூதேயப் பாலைவனம். தீவட்டிகளோடு ஆட்கள் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறி வந்துசேரும் நேரம், நடக்கத் தெரிந்தவனுக்குப் போதுமான நேரம். அவர் நடக்கவில்லை. மனமுவப்புக்கு நான் காட்டக்கூடிய சான்று, இந்த நடக்காமை.

அந்த நின்ற மனம் மனித மனம்தானா என்று ஏழாம் நூற்றாண்டில் பெரும் சண்டை நடந்தது. கிறிஸ்துவுக்குத் தெய்வ சித்தம் ஒன்றே என்றவர்களை எதிர்த்து, அவருக்கு மனித சித்தமும் உண்டு, கெத்செமனேயில் இசைந்தது அதுவே என்று துறவி மாக்சிமுஸ் வாதாடினார். நாவையும் வலக்கையையும் வெட்டி அவரை நாடு கடத்தினார்கள், 662இல் இறந்தார். 680–681இல் கூடிய மூன்றாம் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கம் இரு சித்தங்கள் என்று முடிவு செய்தது. நூலறுப்புச் சண்டையாகத் தோன்றலாம். ஆனால் மனித சித்தம் இல்லையென்றால் இசைவதற்கு அங்கே மனிதர் எவரும் இல்லை. சிலுவை ஒரு தெய்வ லீலையாகிவிடும். சென்னையில் இதே பொறி வேறு உருவில் வந்தது. தொழிற்சங்கத் தலைவராகவும் 1941–42இல் சென்னை மேயராகவும் இருந்த வெங்கல் சக்கரை, கிறிஸ்துவை அவதாரம் என்ற சொல்லால் விளக்கி ஒரு நூலும், சிலுவையும் இந்தியச் சிந்தனையும் பற்றி 1932இல் இன்னொரு நூலும் எழுதினார். இந்த அவதாரம் வந்து மறைவதல்ல, நிலைத்த மனிதம் என்று அவர் அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. வேடத்துக்கு வலிக்காது என்பதுதான் காரணம்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கீழ்ப்பாக்கம் குருகுலம் இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அரவிந்த் நிர்மல் முதலியோர் வளர்த்த தலித் இறையியல், சிலுவையை ஒடுக்கப்பட்டோர் வேதனையோடு சேர்த்துப் பார்க்கிறது. அந்த வேதனை எவரும் தேர்ந்துகொண்டதல்ல. அப்படியானால் மனமுவந்த பலி என்ற போதனை, அடிபடுகிறவனிடம் 'நீயும் மனமுவந்து தாங்கு' என்று சொல்வதற்கு உதவாதா? உதவியிருக்கிறது, மறுக்க முடியாது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு வாழச் சொல்லி, சிலுவையைக் காட்டி அனுப்பிவைக்கப்பட்ட பெண்களை எல்லாச் சபைகளிலும் பார்க்கலாம். ஆனால் மேலே சொன்ன அளவுகோலே அந்த உபதேசத்தை முறிக்கிறது. மறுக்க வழியில்லாதவள் தாங்குவது ஒப்புக்கொடுத்தல் ஆகாது. அது வெறும் காட்டிக்கொடுப்பு. செய்தவர் சபைப் பெரியவராக இருந்தாலும் அப்படித்தான்.

அந்த அம்மாவின் கேள்விக்குச் சாட்சி சொல்ல இங்கேயே ஒருவர் உண்டு. இந்தக் கடற்கரையின் பெரிய சீடர் இராயப்பர், அதாவது பேதுரு. இராயபுரத்தின் பெயரே அவருடையது என்பார்கள். அங்குள்ள இராயப்பர் ஆலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் படகோட்டிச் சமூகத்தார் எழுப்பியது. இயேசு சாகக் கூடாது என்று எல்லாரையும்விடப் பிடிவாதமாக நின்றவர் அவர்தான். பாடுகளைப் பற்றி இயேசு முதலில் சொன்னபோதே தனியே அழைத்துக் கடிந்துகொண்டு, சாத்தான் என்று பேர் வாங்கினார். தோட்டத்தில் வாளை உருவியவரும் அவரே என்கிறார் யோவான்; பன்னிரண்டு படைக்கும் மேலான தூதர்களைக் கேட்டால் வரமாட்டார்களா என்று இயேசு அந்த இடத்தில்தான் கேட்டதாக மத்தேயு எழுதுகிறார். பிற்பாடு எருசலேமில் எழுந்து பேசும்போது பேதுரு இரண்டையும் விடாமல் சொல்கிறார்: கடவுளின் திட்டப்படி கையளிக்கப்பட்டார்; நீங்கள் கொன்றீர்கள்.

அந்தப் பேதுருவுக்கே யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் ஒரு முன்னறிவிப்பு வருகிறது. விடிகாலை, ஏரிக்கரை, கரியில் சுட்ட மீன் சாப்பிட்டு முடித்த நேரம். வயதான பிறகு நீ கைகளை விரிப்பாய், வேறொருவன் உன்னைக் கட்டி, உனக்கு விருப்பமில்லாத இடத்துக்குக் கொண்டுபோவான் என்கிறார் இயேசு. அந்தச் சாவும் கடவுளை மாட்சிப்படுத்தும் என்று நற்செய்தியாளர் அடுத்த வரியிலேயே விளக்கம் எழுதுகிறார். மனமுவந்து போ என்று அவரிடம் இயேசு கேட்கவில்லை. இராயப்பரை இட்டுக்கினுதான் போனார்கள்.