ஜீப்பை ஏன் உயர்த்தினார்கள்? பெரிய டயரின் கதை



அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் இப்போது அடிக்கடி காதில் விழுகிற கேள்வி, "எத்தனை அங்குலம் தூக்கினீங்க?" என்பதுதான். பழைய டிபென்டர், பஜெரோ, ஹைலக்ஸ் வைத்திருக்கிற நம் தம்பிமார் ஒருவரைப் பார்த்து ஒருவர் ஸ்பிரிங்கை மாற்றி, 33 அங்குலம், 35 அங்குலம் என்று டயர் போடுகிறார்கள். அது அவரவர் ஆசை, அவரவர் காசு. வேண்டாம் என்று சொல்வதற்காக நாம் இதை எழுதவில்லை. ஆனால் "எத்தனை" என்று கேட்கிறவர்கள் "ஏன்" என்று கேட்பதில்லை. அந்த "ஏன்" என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவம் பாவித்த வில்லிஸ் ஜீப்பின் டயரைப் பார்த்தால் இன்றைய பொடியன்மார் சிரிப்பார்கள். அகலம் 6 அங்குலம், உயரம் ஏறக்குறைய 28 அங்குலம். 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட லேண்ட் ரோவரும் அதே அளவு மெலிந்த டயரோடுதான் வந்தது. சேற்றிலும் மலையிலும் அந்த வாகனங்கள் ஓடின. அவற்றின் பலம் உயரம் அல்ல. எடை குறைவு, நான்கு சில்லுக்கும் இழுவை, கீழ்க் கியர், இந்த மூன்றும்தான். மெலிந்த டயர் மேல் சேற்றை வெட்டிக்கொண்டு கீழே இருக்கிற உறுதியான தரையைப் பிடித்துவிடும்.

அப்படியானால் பெரிய டயர் எங்கே தேவைப்பட்டது? கீழே உறுதியான தரையே இல்லாத இடத்தில். அதற்கு நாம் ஐஸ்லாந்துக்குப் போக வேண்டும்.

1940இல் பிரித்தானியப் படை ஐஸ்லாந்தில் இறங்கியது, அடுத்த வருடம் அமெரிக்கப் படை வந்தது. அவர்களோடு ஜீப்பும் வந்தது. போர் முடிந்த பிறகு விவசாயிகளின் கைக்கு அந்த வண்டிகள் போய்ச் சேர்ந்தன. நாட்டைச் சுற்றி வரும் பெருந்தெரு 1974இல்தான் முழுமையடைந்தது. தெற்கே பனிப்பாறையிலிருந்து இறங்கும் ஆறுகளுக்கு அதுவரை பாலம் கட்ட முடியவில்லை. நாட்டின் நடுப்பகுதியில் மனிதர் குடியிருப்பே இல்லை, மாரியில் முழுக்கப் பனி. வழி தவறியவர்களைத் தேடிப் போவது சம்பளம் வாங்காத தொண்டர் அணிகள். இன்றும் அந்த நாட்டில் மீட்புப் பணி அவர்களிடம்தான் இருக்கிறது.

பனியில் மெலிந்த டயர் வெட்டிக்கொண்டே போகும், தரை வராது, ஜீப் வயிற்றில் உட்கார்ந்துவிடும். ஐஸ்லாந்துக்காரர்கள் கண்டுபிடித்த தீர்வு எளிமையானது. அகலமான பெரிய டயரைப் போட்டு அதன் காற்றை இறக்கி விடுவது. 1980களில் 38 அங்குல டயர் அங்கே பழக்கமாகிவிட்டது, பின்னர் 44 அங்குலம் வரை போனார்கள். தெருவில் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அளவில் இருக்கும் காற்றைப் பனியில் 3 இறாத்தல் வரை இறக்குவார்கள்.

ஒன்பதாம் தரத்துப் பிள்ளைக்கும் விளங்குகிற கணக்கு இது. 2,400 கிலோ வாகனம் என்றால் சுமார் 5,300 இறாத்தல். அமுக்கம் 30 என்றால் தரையைத் தொடும் பரப்பு ஒரு டயருக்கு 44 சதுர அங்குலம், ஒரு அப்பியாசக் கொப்பியின் அட்டை அளவு. அமுக்கம் 3 என்றால் கணக்குப்படி பத்துக் கொப்பி. டயரின் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் நடைமுறையில் அவ்வளவு வராது, ஆனாலும் வித்தியாசம் பெரியது. இறங்கி நடக்கிற மனிதன் முழங்கால் வரை புதைகிற பனியில் இரண்டரைத் தொன் வாகனம் மேலால் போகும்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். அவர்கள் தேடியது காற்று இறக்கினால் படர்கிற டயரை. அந்த டயர் மட்கார்டில் இடிக்காமல் சுழல வேண்டும் என்பதற்காகத்தான் வாகனத்தில் கை வைத்தார்கள். அதிலும் முதலில் மட்கார்டை வெட்டி அகலப்படுத்தினார்கள், ஆக்சிலைச் சற்று நகர்த்தினார்கள். ஸ்பிரிங்கை உயர்த்துவது எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவாக. பெரிய டயருக்கு ஏற்றபடி டிபரன்ஷல் பல்லையும் மாற்றினார்கள், காற்றை மறுபடி ஏற்ற வாகனத்திலேயே கொம்பிரஷர் வைத்தார்கள். டொயோட்டாவின் ஐஸ்லாந்து முகவரிடம் 1990இல் தொடங்கிய ஆர்க்டிக் ட்ரக்ஸ் என்ற பிரிவு இதையே தொழிலாக்கியது. 2007இல் பிரித்தானியத் தொலைக்காட்சியின் டாப் கியர் நிகழ்ச்சிக்காக வட துருவப் பனிக்கடலில் ஓடிய ஹைலக்ஸ் அவர்கள் செய்ததுதான். நம் பொடியன்மாரில் பாதிப் பேருக்கு ஆசை வந்தது அந்த வீடியோவைப் பார்த்துத்தான் என்பது நமக்குத் தெரியும்!

அந்த வீடியோவில் தெரியாத ஒரு சின்ன விஷயம். டிபென்டர் மாதிரி முழு ஆக்சில் வைத்த வாகனத்தில் நடுவே பூசணிக்காய் போலத் தொங்குவது டிபரன்ஷல். கல்லில் முதலில் இடிப்பது அதுதான். ஸ்பிரிங்கை நான்கு அங்குலம் உயர்த்தினால் பொடி மட்டும்தான் மேலே போகும், டிபரன்ஷல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும், அதுவும் பாதிதான். 29 அங்குல டயரை எடுத்துவிட்டு 33 போட்டால் கிடைப்பது இரண்டு அங்குலம். டயரை மாற்றாமல் ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்துகிறவர் பாலத்தடிப் பள்ளத்தில் முன் மூக்கு இடிக்காமல் ஏறுவார், உண்மை. ஆனால் கல்லுக்கு அவருடைய ஜீப் பழைய ஜீப்தான்.

இனி அமெரிக்கா. இந்தக் கதையை நாம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இதன் ஒரு பகுதி நம் ஆட்கள் சாரதிகளாக வேலை செய்த வளைகுடாவில் நடந்தது.

1990இல் போர்ட் நிறுவனம் எக்ஸ்ப்ளோரர் என்ற வாகனத்தை விற்கத் தொடங்கியது. ரேஞ்சர் பிக்கப்பின் அடித்தளத்தில் கட்டிய, உயரமான குடும்ப ஜீப். விற்பனைக்கு வருவதற்கு முன் நடந்த சோதனைகளில், வேகமாக வளைத்துத் திருப்பும்போது சில்லுகள் தரையை விட்டு எழும்பியதாகப் பின்னர் வெளியான உள்ளக ஆவணங்கள் காட்டின. அகலத்தைக் கூட்டியிருக்கலாம். அதற்கு வடிவமைப்பை மாற்ற வேண்டும், காலம் போகும், காசு போகும். டயருக்குப் போர்ட் பரிந்துரைத்த காற்று 26 இறாத்தல். சவாரியும் மென்மையாக இருக்கும், திருப்பமும் மந்தமாகும். பயர்ஸ்டோன் நிறுவனம் பின்னர் 30 வேண்டும் என்றது.

26 என்று எழுதியிருந்தால் மாதக்கணக்கில் காற்றுப் பார்க்காத வண்டியில் 20 இருக்கும். அதில் குடும்பத்தையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, கொதிக்கிற தாரில், நெடுஞ்சாலை வேகத்தில் ஓடினால் டயர் உள்ளே வளைந்து வளைந்து சூடேறும். பயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை உரிந்து பறந்தது. சாதாரணக் காரில் டயர் உரிந்தால் பயந்து ஓரம் கட்டுவார்கள். உயரமான எக்ஸ்ப்ளோரர் உருண்டது. சவூதி அரேபியா உட்பட வளைகுடா நாடுகளில் 1999இலேயே போர்ட் டயர்களை மாற்றிக் கொடுத்தது. அமெரிக்காவில் 2000 ஓகஸ்ட் 9ஆம் திகதிதான் 65 இலட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அமெரிக்க அரசின் கணக்கில் மரணங்கள் 271. ஏறக்குறைய நூறு வருட உறவு கொண்ட போர்டும் பயர்ஸ்டோனும் 2001இல் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிப் பிரிந்தார்கள். அடுத்து வந்த எக்ஸ்ப்ளோரர் இரண்டரை அங்குலம் அகலமாக வந்தது. இன்று புதிய வாகனங்களில் டயர்க் காற்று குறைந்தால் எரிகிற மஞ்சள் விளக்கு அமெரிக்காவில் சட்டமாகியதும் இந்த மரணங்களுக்குப் பிறகுதான்.

ஐஸ்லாந்துக்காரனும் காற்றை இறக்கினான், ஆனால் பனியில், மெதுவாக. தெருவுக்கு வந்ததும் ஏற்றிவிட்டான்.

2001இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் வாகனம் உருளும் அபாயத்துக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது. சூத்திரம் எளிது. இடது வலது சில்லுகளுக்கு இடையிலான அகலத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 1.45 என்றால் ஐந்து நட்சத்திரம், 1.03 அல்லது அதற்குக் கீழே என்றால் ஒன்று. ஒரு ஜீப்பின் அகலம் 150 சென்ரிமீற்றர், ஈர்ப்பு மையம் 70 சென்ரிமீற்றர் உயரத்தில் என்று வைப்போம். விடை 1.07. ஸ்பிரிங்காலும் டயராலும் அந்த மையம் 12 சென்ரிமீற்றர் உயர்ந்தால் 0.91. அகலமான டயரால் இரு பக்கமும் கொஞ்சம் வெளியே வந்தாலும் இழந்ததில் சிறு பகுதிதான் திரும்பக் கிடைக்கும். கூரைக்கு மேல் கரியரில் நாலு சாமான் கட்டினால் அந்தச் சிறு பகுதியும் போய்விடும்.

இன்னொன்று, வெள்ளம். உயரமான டயர் இருந்தால் ஓடுகிற தண்ணீரைக் கடக்கலாம் என்ற நம்பிக்கை நம் பக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. மாவடிப்பள்ளிக்குப் பிறகும் இருக்கிறது. ஒரு 33 அங்குல அகலமான டயரின் கனவளவு நூறு லீற்றருக்கு மேல். நான்கும் மூழ்கினால் மேலுதைப்பு 400 கிலோவைத் தாண்டும், அந்த அளவு பிடிமானம் தரையிலிருந்து கழிகிறது. பனியில் மிதக்க வைத்த அதே டயர் தண்ணீரிலும் மிதக்கத்தான் பார்க்கும். பொடிக்குள் அடைபட்ட காற்று வேறு. ஐஸ்லாந்துக்காரர்கள் 44 அங்குல டயரை வைத்துக்கொண்டும் ஆற்றைக் காலையில், உருகு நீர் குறைந்த நேரத்தில், அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கிற இடம் பார்த்துத்தான் இறங்குவார்கள். இல்லையென்றால் திரும்பிப் போவார்கள்.

சரி, உயர்த்தத்தான் போகிறோம் என்கிற தம்பிமாருக்கு. முதலில் டயரை முடிவு செய்யுங்கள், அந்த டயர் முழுதாகத் திரும்புவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அளந்து, அதற்குத் தேவையான அளவு மட்டும் உயர்த்துங்கள். நம் களப்பு ஓரத்து மணலுக்கும் வயல் வரம்புப் பாதைக்கும் இரண்டு அங்குலத்துக்கு மேல் எதற்கு என்பது நமக்கு விளங்கவில்லை. கராஜ் பாஸிடம், உயர்த்திய பிறகு முன் ஆக்சிலின் சாய்வை எப்படிச் சரி செய்வீர்கள் என்று கேளுங்கள். அது மாறினால் ஸ்டியரிங் நேராக நிற்காது. பிரேக் ஹோஸ் நீளம் போதுமா என்றும் கேளுங்கள். பதில் சொல்லாமல் சிரித்தால் வேறு கராஜ் பாருங்கள். 29இலிருந்து 33க்குப் போனால் மீற்றர் 60 காட்டும்போது நீங்கள் போவது 68, அதுவும் பாரமான சில்லோடு, பழைய பிரேக்கோடு. இன்ஷூரன்ஸ்காரருக்கும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சொன்னால் அவர் கேட்கமாட்டார்.

டயர் வாங்கும்போது ஐந்தாக வாங்குங்கள். பின்கதவில் தொங்குகிற மேலதிகச் சில்லு பழைய அளவிலேயே இருக்க, காட்டில் ஒரு டயர் போய், அதை மாட்டிக்கொண்டு நான்கு சில்லு இழுவையைப் போட்டால், இரண்டு அளவுக்கும் நடுவே அகப்பட்டு உடைவது டிபரன்ஷலோ கியர்ப்பெட்டியோதான்.