பேராதனைத் தமிழ் மாணவர் கூத்து மேடை

பேராதனைத் தமிழ் மாணவர் கூத்து மேடை என்பது, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பேராதனை வளாகத்தில் 1960களில் தமிழ் மாணவர்கள் நடித்து அரங்கேற்றிய கூத்து நாடகங்களைக் குறிக்கும். மாணவர்களின் கலைத்திறனை வெளிக்காட்டும் வழக்கமான நாடக நிகழ்வுகளிலிருந்து இது வளர்ந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் இதை முன்னின்று நடத்தினார். படித்தவர்கள் நாட்டுப்புற விளையாட்டாகக் கருதி ஒதுக்கிய மட்டக்களப்புக் கூத்து, இம்மேடையின் வழியாக ஈழத் தமிழரின் தேசியக் கலை வடிவங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. இதற்காகக் கூத்தில் செய்யப்பட்ட மாற்றங்கள் குறித்த விவாதம் பின்னாளிலும் தொடர்ந்தது.

பின்னணி

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கப்பட்டது. அதன் முதல் தமிழ்ப் பேராசிரியர் மட்டக்களப்புப் பகுதியிலுள்ள காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். 1947இல் அவர் மறைந்த பின் க. கணபதிப்பிள்ளை அப்பொறுப்புக்கு வந்தார். அவர் மொழியியல் அறிஞர், நாடக ஆசிரியரும்கூட. மாணவர்கள் நடிப்பதற்கென்றே நாடகங்கள் எழுதினார். செந்தமிழில் நீண்ட வசனம் பேசும் நாடகங்கள் பெருகியிருந்த காலத்தில், யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை மேடைக்குக் கொண்டுவந்தார். அவருடைய நான்கு நாடகங்கள் 'நானாடகம்' என்னும் தலைப்பில் 1940இல் நூலாயின.

1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம் மாறிய பின்னும் மாணவர் நாடகங்கள் தொடர்ந்தன. கணபதிப்பிள்ளையின் மாணவரும் பின்னர் அதே துறையின் ஆசிரியருமான வித்தியானந்தன் அவற்றை நெறிப்படுத்தினார். நாடகத்துக்கு ஆசிரியர் எழுத்தைத் தருவது, மாணவர் நடிப்பது, தமிழ்ச் சங்கம் மேடையேற்றுவது என்ற ஒழுங்கு இதற்குள் அமைந்துவிட்டது. கூத்து பின்னர் இந்த ஒழுங்குக்குள்ளேயே நுழைந்தது.

1956ஆம் ஆண்டின் திருப்பம்

1956இல் சிங்களம் மட்டும் இலங்கையின் ஆட்சிமொழியாகச் சட்டமாக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், பேராதனையில் பணியாற்றிய எதிரிவீர சரச்சந்திர 'மனமே' என்னும் சிங்கள நாடகத்தை அரங்கேற்றினார். 'நாடகம' என்னும் சிங்கள நாட்டார் வடிவத்திலிருந்து அவர் அதை உருவாக்கினார். சிங்களவர் அதைத் தங்கள் தேசிய நாடக மரபின் தொடக்கமாகக் கொண்டாடினர். அந்த 'நாடகம' வடிவமே தமிழ்க் கூத்திலிருந்து, குறிப்பாகக் கத்தோலிக்கக் கூத்து மரபின் வழியாக வந்தது என்பது ஆய்வாளர்களின் கருத்து.

ஒரே வளாகத்தில் இருந்த தமிழ் ஆசிரியர்களையும் மாணவர்களையும் இது ஒரு கேள்வியின் முன் நிறுத்தியது. தமிழர்க்கு உரிய நாடக வடிவம் எது? பார்சி நாடகத்தின் வழிவந்த இசை நாடகமா, ஆங்கில வழி வந்த வசன நாடகமா, ஊர்க் கோயில் வெளியில் விடிய விடிய ஆடப்படும் கூத்தா? வித்தியானந்தன் கூத்தையே தேர்ந்தார். இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுத் தலைவராக இருந்த அவர், ஊர் ஊராகச் சென்று கூத்துக்களைப் பார்த்தார். அண்ணாவிமாரைச் சந்தித்தார். ஏடுகளிலும் கையெழுத்துப் படிகளிலும் இருந்த 'அலங்காரரூபன் நாடகம்', 'மூவிராசர் நாடகம்' முதலியவற்றைப் பதிப்பித்தார்.

ஊர்க் கூத்தின் இயல்பு

மட்டக்களப்புக் கூத்தில் வடமோடி, தென்மோடி என இரு வகைகள் உண்டு. ஆட்டம், தாளம், உடை, பாடும் முறை ஆகியவற்றில் இவை வேறுபடும். கூத்தைப் பழக்கி நடத்துபவர் அண்ணாவியார் எனப்படுவார். ஆடுபவர்களுக்குப் பாட்டும் வசனமும் பிரித்துக் கொடுப்பது 'சட்டம் கொடுத்தல்'. தொடர்ந்து பல மாதங்கள் பயிற்சி நடைபெறும். சதங்கை அணிவித்தல், அடுக்குப் பார்த்தல் போன்ற படிகளுக்குப் பின்னரே அரங்கேற்றம். வட்டமான களரியின் நடுவே ஆட்டம் நிகழ, மக்கள் சுற்றியிருந்து பார்ப்பர். இந்த மாதங்களில் கூத்து ஊராரின் கூட்டு வேலையாக இருக்கும்.

மாணவர் கூத்துக்கள்

முதலில் அரங்கேறியது 1962இல் 'கர்ணன் போர்'. இது வடமோடிக் கூத்து. மாணவர்களுக்கு ஆட்டம் பழக்க வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார் அழைக்கப்பட்டார். பட்டமோ பதவியோ இல்லாத ஊர்க் கலைஞர் ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஆசானாக நின்றது அக்காலத்தில் புதுமை. 1963இல் தென்மோடியைச் சார்ந்த 'நொண்டி நாடகம்' மேடையேறியது.

அடுத்து வந்த 'இராவணேசன்' இம்மேடையின் உச்சமாகக் கருதப்படுகிறது. இதன் எழுத்துப் பணியில் முதன்மைப் பங்கு அப்போது மாணவராக இருந்த சி. மௌனகுருவுடையது. மட்டக்களப்பைச் சேர்ந்த அவர் இளமையிலேயே கூத்துப் பழகியவர். பழைய கூத்துப் பிரதியைச் சுருக்குவதோடு நில்லாமல், தோல்வி நெருங்குவதை உணர்ந்தும் பின்வாங்காத இராவணனின் மனப்போராட்டத்தைக் கூத்தின் ஆட்டத்தாலும் பாட்டாலும் காட்ட முயன்ற படைப்பு இது. 1960களின் பிற்பகுதியில் 'வாலி வதை' அரங்கேறியது. இந்நாடகங்கள் வளாகத்துக்கு வெளியே வேறு நகரங்களிலும் ஆடப்பட்டன.

செய்யப்பட்ட மாற்றங்கள்

இரவு முழுவதும் ஆடப்படும் கூத்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கப்பட்டது. வட்டக்களரிக்குப் பதிலாக, ஒரு பக்கம் மட்டும் பார்வையாளர் அமரும் படச்சட்ட மேடை வந்தது. திரும்பத் திரும்ப வரும் பாடல்களும் பாத்திரங்களின் நீண்ட வரவு ஆட்டங்களும் குறைக்கப்பட்டன. பாட்டின் பொருளுக்கேற்ற உணர்ச்சி முகத்திலும் குரலிலும் வெளிப்பட வேண்டும் என வலியுறுத்தப்பட்டது. மின்னொளி பயன்படுத்தப்பட்டது. ஆயினும் மத்தளம், சல்லாரித் தாளம், அடிப்படை ஆட்ட முறைகள் ஆகியவை கைவிடப்படவில்லை.

தாக்கமும் விவாதமும்

இம்மேடையில் கூத்துப் பழகிய தலைமுறை அவ்வடிவத்தைப் புதிய பொருள்களுக்குப் பயன்படுத்தியது. மௌனகுருவின் 'சங்காரம்' சமூக ஒடுக்குமுறையைக் கூத்து வடிவில் பேசியது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் நடந்த ஆலய நுழைவுப் போராட்டத்தை ஒட்டி 'கந்தன் கருணை' என்னும் நாடகம் 1969இல் மேடையேறியது. இதுவும் கூத்துப் பாங்கை ஏற்றது. தமிழகத்தில் தெருக்கூத்துடன் நவீன நாடகக்காரர் உறவு கொண்டது இதற்குச் சற்றுப் பிந்தியே, ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை 1977இல்தான் தொடங்கியது. அங்கு அம்முயற்சி எழுத்தாளர்களிடமிருந்து வந்தது; ஈழத்தில் பல்கலைக்கழக மாணவரிடமிருந்து வந்தது.

மறுபுறம், பேராதனை மேடை கூத்தை ஊரிலிருந்து பிரித்துவிட்டது என்ற விமரிசனமும் எழுந்தது. சுருக்கப்பட்ட கூத்தே 'செம்மையானது' என்றால், விடிய விடிய ஆடும் அண்ணாவியாரின் கூத்து செம்மையற்றது என்று பொருளாகிவிடும் என்பது அதன் சாரம். சி. ஜெயசங்கர் 2000களில் மட்டக்களப்பின் சீலாமுனைக் கிராமத்தில் தொடங்கிய 'கூத்து மீளுருவாக்கம்' இந்த விமரிசனத்திலிருந்து பிறந்த மாற்று முயற்சி. மாற்றங்களை வெளியிலிருந்து நெறியாளர் முடிவு செய்யாமல், ஆடும் சமூகமே தன் களரியில் பேசி முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் கொள்கை. செம்மையாக்கம் நிகழ்ந்திராவிட்டால் கூத்தைப் பற்றிய இந்தப் பேச்சே எழுந்திருக்காது என்பது மறுதரப்பின் வாதம்.

பிற்காலம்

வித்தியானந்தன் 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார், 1989இல் மறைந்தார். மட்டக்களப்பில் 1981இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. மௌனகுரு அங்கு நுண்கலைத் துறையை வளர்த்தார். 'இராவணேசன்' அவருடைய நெறியாள்கையில் புதிய தலைமுறை மாணவர்களால் மீண்டும் ஆடப்பட்டது. கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் இடம் வந்தாறுமூலை. 1962இல் பேராதனை மாணவர்களுக்குக் கூத்துப் பழக்கச் சென்ற செல்லையா அண்ணாவியாரின் ஊர் அது.