கேள்வி மக்களிடம், கணக்கு அரசிடம்: ஆஸ்திரேலியாவின் கட்டாய ராணுவச் சேவை வாக்கெடுப்புகள், 1916–1917

1917 மே மாதத் தேர்தலில் பிரதமர் பில்லி ஹியூஸின் அரசு ஆஸ்திரேலியாவில் பெருவெற்றி பெற்றது. போரை இறுதிவரை நடத்துவோம் என்பதே அதன் முழக்கம். ஏழு மாதம் கழித்து, டிசம்பர் 20 அன்று, அந்தப் போருக்குக் கட்டாயமாக ஆள் அனுப்பும் திட்டத்தை ஹியூஸ் மக்கள் முன் வைத்தார்; வாக்காளர்கள் மறுத்துவிட்டார்கள். ஆதரவு 10,15,159, எதிர்ப்பு 11,81,747. இது இரண்டாவது மறுப்பு. 1916 அக்டோபர் 28 அன்று நடந்த முதல் வாக்கெடுப்பில் 72,476 வாக்குகளில் தோற்ற யோசனை, இம்முறை 1,66,588 வாக்குகளில் தோற்றது. போர் வேண்டும், அதை நடத்த இந்த அரசும் வேண்டும், ஆனால் கட்டாயம் வேண்டாம் என்ற இந்த முடிவை எப்படிப் புரிந்துகொள்வது?

வழக்கமான விடை சமூகக் குழுக்களைக் கூட்டிப் பார்ப்பது. டப்ளினில் நடந்த ஈஸ்டர் எழுச்சியை பிரிட்டன் ஒடுக்கிய விதம் கண்டு கொதித்த ஐரிஷ் கத்தோலிக்கர், தொழிற்சங்கத்தினர், அறுவடைக்கு ஆள் கிடைக்காமல் தவித்த விவசாயிகள் ஆகியோரைச் சேர்த்தால் பெரும்பான்மை வந்துவிடும் என்பார்கள். கிளென் விதர்ஸ் 1982இல் புள்ளியியல் வழியாக இதை மறுஆய்வு செய்தது முதல் இந்தக் கூட்டல் நுட்பமாகியிருக்கிறது. யார் மறுத்தார்கள் என்பதை அது காட்டுகிறது. ஆனால் இந்தக் குழுக்கள் அனைத்தும் மே மாதத்திலும் அங்கேதான் இருந்தன. ஏன் ஒன்றைத் தந்து மற்றொன்றை மறுத்தார்கள் என்பதற்கு வேறிடத்தில் விடை தேட வேண்டியிருக்கிறது.

என் வாதம் இது. வாக்கெடுப்பு என்று அறிவித்த நாளில் அரசு குடிமக்களை நீதிபதியாக அமர்த்தியது. எத்தனை பேர் தேவை, எத்தனை பேர் மீதமிருக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியாமல் அந்த நீதிபதியால் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த எண்களை வெளியிடுவதும் மறைப்பதும், தணிக்கை அதிகாரம் தந்த போர்முன்னெச்சரிக்கைச் சட்டத்தின் வழியே அரசின் கையிலேயே இருந்தன. சாதாரணப் போர்க்காலத்தில் தணிக்கை என்பது பொறுத்துக்கொள்ளப்படும் தொல்லை. வாக்கெடுப்புக் காலத்திலோ அது சாட்சியத்தை மறைக்கும் செயலாகத் தெரியத் தொடங்கியது. கட்டாயச் சேவையைப் பற்றிய வாக்கெடுப்பு, அரசின் நாணயத்தைப் பற்றிய வாக்கெடுப்பாக மாறியது இப்படித்தான்.

மக்களைக் கேட்கலாம் என்ற எண்ணம் ஜனநாயகப் பற்றில் பிறந்ததல்ல. 1903ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் உள்நாட்டுக்குள் மட்டுமே கட்டாயச் சேவையை அனுமதித்தது. 1911 முதல் சிறுவர்களுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சியும் நடந்துவந்தது. ஆகவே கட்டாயம் என்பதே ஆஸ்திரேலியருக்குப் புதிதல்ல. கடல் கடந்து அனுப்புவதுதான் புதிது. சொந்தக் கரைக்கு உடனடி ஆபத்து என்று சொல்லவும் வழியில்லை. 1914 செப்டம்பரில் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்த எம்டன் கப்பலை அதே ஆண்டு நவம்பரில் கோகோஸ் தீவுகளருகே ஒழித்துக்கட்டியது ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல்தான். அதற்குப் பிறகு போர் தொலைதூரத்தில் நடந்தது.

பிரிட்டன் 1916 ஜனவரியில் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலமே கட்டாயச் சேவையைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு லண்டனில் பல மாதங்கள் தங்கித் திரும்பிய ஹியூஸ் அதே வழியில் போயிருப்பார். ஆனால் செனட்டில் அவருடைய சொந்தத் தொழிற்கட்சியே தடையாக நின்றது. செனட்டை மடக்க மக்கள் தீர்ப்பு ஒன்று தேவைப்பட்டது. அரசியலமைப்பைத் திருத்தும் வாக்கெடுப்பு அல்ல இது. சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாத கருத்துக் கேட்புதான். நாடாளுமன்றத் தந்திரமாகத் தொடங்கிய ஒன்று உலகப் போரின் நடுவே இப்படியொரு விசாரணையாக விரிந்ததை வரலாற்றின் குறும்பு என்றே சொல்ல வேண்டும்.

விசாரணையின் மையத்தில் எண்கள் இருந்தன. 1915 ஜூலையில் மட்டும் 36,575 பேர் தாமாகச் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டின் நடுவில் அந்த வேகம் வற்றிவிட்டது. அதே நேரத்தில் 1916 ஜூலை 19 இரவில் பிரான்ஸின் ஃப்ரோமெல்லில் ஆஸ்திரேலியர் 5,533 பேர் கொல்லப்பட்டோ காயமுற்றோ பிடிபட்டோ போனார்கள். பொசியேரில் ஆறேழு வாரங்களில் இழப்பு ஏறக்குறைய 23,000. இந்தக் கணக்கை வைத்து லண்டன் கேட்டதை ஹியூஸ் அறிவித்தார்: செப்டம்பரில் 32,500 பேர், பிறகு மாதந்தோறும் 16,500 பேர். ஆண்டுக்கு இரண்டு லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். ஐம்பது லட்சத்தை எட்டாத மக்கள்தொகை கொண்ட நாடு அது. தன்னார்வத்தால் இது முடியாது என்பது ஹியூஸின் வாதம். கட்டாயத்தாலும் முடியாதே, அப்படியானால் இந்த எண் எங்கிருந்து வந்தது என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. இந்தக் கேள்விக்கு நேரான பதில் கடைசிவரை வரவில்லை.

பதில் வருவதற்குப் பதிலாக ஆணை வந்தது. வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன், செப்டம்பர் 29 அன்று, 21 முதல் 35 வயது வரையுள்ள மணமாகாத ஆண்கள் உள்நாட்டுச் சேவைக்குப் பதிய வேண்டும் என்று அரசு பறைசாற்றியது. மக்கள் சம்மதிப்பார்கள் என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே ஆள் திரட்டும் ஏற்பாடு அது. விலக்குக் கோரியவர்களிடம் கைரேகை வாங்கினார்கள். குற்றவாளிகளிடம் வாங்குவதை எங்களிடம் வாங்குவதா என்று ஊர்களில் பேச்சு எழுந்தது. அந்த வயது ஆண்களிடம் வாக்குச்சாவடியிலேயே ஆணைக்குக் கீழ்ப்படிந்தீர்களா என்று கேட்க வைக்கவும் ஹியூஸ் முயன்றார். அதை எதிர்த்து வாக்குப்பதிவின் முந்தின நாள் மூன்று அமைச்சர்கள் பதவி விலகினார்கள். தன் பக்கம் சாய வேண்டிய நடுநிலை வாக்காளருக்கு, சம்மதம் கிடைத்தபின் அரசு எப்படி நடந்துகொள்ளும் என்பதை முன்னோட்டமாகக் காட்டிவிட்டார் ஹியூஸ். எதிரிகள் அச்சிட்ட எந்தத் துண்டறிக்கையும் இந்த ஒரு மாத அனுபவத்துக்கு ஈடாகாது என்று நினைக்கிறேன்.

துண்டறிக்கைகள் ஏராளமாகவே அச்சாயின. பெருநகர நாளிதழ்களில் பெரும்பாலானவையும் ஆங்கிலிக்கன் திருச்சபையும் ஆதரவுப் பக்கம். எதிர்ப்பக்கத்தில் தொழிலாளர் ஏடுகள், சங்கங்கள், பெண்கள் அமைப்புகள். பெண்களுக்கு 1902 முதலே வாக்குரிமை இருந்ததால் இரு தரப்பும் தாயை நோக்கியே பேசின. எதிர்ப்பு இயக்கத்தின் புகழ்பெற்ற துண்டறிக்கையான ‘தி பிளட் வோட்’, ஒரு மனிதனைச் சாவுக்கு அனுப்ப வாக்களித்துவிட்ட தாயின் கலக்கத்தைச் செய்யுளாக்கியது. ஓவியர் கிளாட் மார்க்கெட் வாக்குப்பெட்டியருகே நிற்கும் பெண்ணை வரைந்தார். மெல்பர்னில் வைடா கோல்ட்ஸ்டைனின் பெண்கள் அமைதிப் படையில் முன்னணிப் பேச்சாளராக இருந்தவர் அடேலா பேங்க்ஹர்ஸ்ட். அவருடைய தாய் எம்மலின் அப்போது இங்கிலாந்தில் போருக்கு ஆதரவாக மேடையேறிக்கொண்டிருந்தார். ஒரே வீட்டுக்குள் ஓடிய இந்தப் பிளவைப் போல் அந்தக் காலத்தைக் காட்டும் சான்று குறைவு.

மறுத்தவர்களின் பரப்புரையைத் தூய்மையாகக் காட்டும் பழக்கம் இடதுசாரி வரலாற்றெழுத்தில் நெடுநாள் இருந்தது. அது உண்மைக்குப் பொருந்தாது. வெள்ளைத் தொழிலாளரைப் போருக்கு அனுப்பிவிட்டு அவர்கள் இடத்தில் வேற்று நிறத்தவரை மலிவுக் கூலிக்கு இறக்குவார்கள் என்ற அச்சத்தைத் தொழிலாளர் ஏடுகள் ஓயாமல் ஊதின. 1916 அக்டோபரில் மால்டாவிலிருந்து 214 பேர் ‘காஞ்ஜ்’ என்ற பிரெஞ்சுக் கப்பலில் வந்தது இந்த அச்சத்துக்குத் தீனியானது. அவர்கள் பிரிட்டிஷ் குடிமக்கள். இருந்தும் வாக்கெடுப்பு நெருங்கிய பதற்றத்தில் ஹியூஸ் அரசு அவர்களைக் கரையிறங்கவிடவில்லை. குடியேற்றச் சட்டத்தின் எழுத்துத் தேர்வை டச்சு மொழியில் வைத்து, தோற்றார்கள் என்று அறிவித்து, நியூ கலிடோனியாவுக்கு அனுப்பியது. எதிர்த்தரப்பு பொய்ப்பீதி கிளப்பியது. அரசு அந்தப் பீதிக்குப் பணிந்து அப்பாவிகளை வதைத்தது. இனவெறியில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

கட்டாயத்தை எதிர்த்த ஐரிஷ் கத்தோலிக்கப் பேராயர் டேனியல் மானிக்ஸின் பெயர் இந்தக் கதையில் தவறாமல் வரும். போர் வணிகப் போட்டியில் விளைந்தது என்று அவர் 1917 தொடக்கத்தில் பேசியதும், ஹியூஸ் அவரைத் தேசத்துரோகியாகச் சித்திரித்ததும் நினைவில் நிலைத்துவிட்டன. ஆனால் 1916இல் அவர் துணைப் பேராயர்தான். மெல்பர்ன் பேராயரானது 1917 மே மாதத்தில். அவர் பேசிய விக்டோரியா மாநிலமே 1916இல் கட்டாயத்தை ஆதரித்தது. மேலும் கத்தோலிக்கர் மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கை எட்டாதவர்கள். மானிக்ஸைப் பூதாகரமாக்கியதில் ஹியூஸுக்கு ஓர் ஆதாயம் இருந்தது: தோல்வியை அயர்லாந்தின் தலையில் கட்டிவிட்டால் தன் கணக்கைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

கணக்கு இரண்டாவது வாக்கெடுப்பில் திரும்பி வந்தது. இடையில் 1916 நவம்பரில் தொழிற்கட்சி உடைந்து ஹியூஸ் தன் ஆதரவாளர்களோடு வெளியேறியிருந்தார். 1917 நவம்பரில் பெண்டிகோ நகரில் அவர் முன்வைத்த திட்டத்தில் தேவை மாதம் 7,000 பேர். ஓராண்டுக்கு முன் 16,500 இல்லாவிட்டால் படை அழியும் என்றவர் இப்போது அதில் பாதிக்கும் குறைவாகக் கேட்டார். 1917 முழுவதும் தாமாகச் சேர்ந்தவர்கள் 45,101 பேர்தான், படை அழியவில்லை. புதிய எண் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அது பழைய எண்ணைப் பொய்யாக்கியது.

குயின்ஸ்லாந்து முதல்வர் டி. ஜே. ரயன் இந்த இடத்தில்தான் கைவைத்தார். போதிய ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்று எண்களை அடுக்கி அவர் பிரிஸ்பேனில் பேசிய பேச்சைத் தணிக்கை வெட்டியது. நவம்பர் 22 அன்று ரயன் அதே பேச்சை மாநிலச் சட்டமன்றத்தில் பேசி அவைக்குறிப்பில் ஏற்றினார். வெட்டப்பட்ட பகுதிகளைத் தடித்த எழுத்தில் அச்சிடச் செய்தார். நவம்பர் 26 இரவு பிரதமர் ஹியூஸ் ராணுவத்தினரோடு நேரில் போய் மாநில அரசின் அச்சகத்திலிருந்து அந்த 37ஆம் எண் அவைக்குறிப்பின் பிரதிகளைக் கைப்பற்றினார். மூன்று நாள் கழித்து வார்விக் ரயில் நிலையத்தில் அவர்மீது முட்டை எறியப்பட்டதும், மாநிலக் காவலர் எறிந்தவரைக் கைதுசெய்ய மறுத்ததும், அதன் விளைவாகக் கூட்டாட்சிக் காவல்படை ஒன்று பிறந்ததும் பலரும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை. அந்த முட்டை அச்சகச் சோதனையை மறக்கடித்துவிட்டது என்பதுதான் என் வருத்தம். ஒரு நாட்டின் பிரதமர் தன்னைவிட வேறு கணக்குச் சொன்ன சட்டமன்றத்தின் பதிவைப் பறிமுதல் செய்ததே உண்மையில் நடந்த அரசியல் நிகழ்வு.

இதே வாரங்களில் வாக்காளரையும் அரசு தேர்ந்தெடுத்தது. எதிரி நாடுகளில் பிறந்து குடியுரிமை பெற்றவர்களில் பெரும்பாலோர் வாக்குரிமை இழந்தார்கள். வாக்குப்பதிவு சனிக்கிழமையிலிருந்து, தொழிலாளருக்கு ஓய்வில்லாத வியாழக்கிழமைக்கு மாற்றப்பட்டது.

முகாம்களில் இருந்தவர்களின் வாக்கு அரசுக்கு இன்னும் சங்கடமான சாட்சி. 1916இல் படையினர் 72,399 பேர் ஆதரவாகவும் 58,894 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். பெரும்பான்மை கிடைத்தது உண்மை. ஆனால் அகழியில் நிற்பவன் தனக்குத் துணை கேட்கிறான் என்பதுதான் ஆதரவுப் பரப்புரையின் தூண். அவர்களிலேயே பத்தில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம் என்றபின் அந்தத் தூண் ஆட்டம் கண்டது. அந்த முடிவை அரசு உடனே வெளியிடவுமில்லை. 1917இல் இடைவெளி மேலும் குறுகி 1,03,789க்கு எதிராக 93,910 ஆனது.

இந்த வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. சாதாரண வாக்காளர் அவைக்குறிப்பைப் படிக்கவில்லை. மூன்றாம் ஈப்ரே போரின் இழப்பும், 1917 ஆகஸ்டில் வெடித்த பெரும் வேலைநிறுத்தமும், விலைவாசியும் மக்களைக் களைப்படையச் செய்தன. எண்களைப் பற்றிய சண்டை தலைவர்களுடையது என்று சொல்லலாம். களைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் வாக்குகளைப் பிரித்துப் பார்த்தால் களைப்பு மட்டும் போதாது என்று தோன்றுகிறது. இரண்டு வாக்கெடுப்புகளுக்கும் இடையே எதிர்ப்பு வாக்கு 21,714 மட்டுமே கூடியது. ஆதரவு வாக்கு 72,398 குறைந்தது. பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்கள் அரசை எதிர்க்கக்கூடியவர்கள் என்று அரசே கருதியவர்கள். அப்படியும் கரைந்தது ஆதரவுப் பக்கம்தான். முதல் முறை ஹியூஸை நம்பி ஆம் என்றவர்களில் ஒரு பகுதியினர் இரண்டாம் முறை அவரைப் பின்தொடரவில்லை. விக்டோரியா மறுப்புப் பக்கம் மாறியதும் இந்தக் கசிவில்தான். போரில் நம்பிக்கை இழந்திருந்தால் அவர்களில் பலர் மே மாதத்திலேயே விலகியிருப்பார்கள்.

தோற்றால் ஆட்சி நடத்த முடியாது என்று சொல்லியிருந்த ஹியூஸ் 1918 ஜனவரியில் பதவி விலகினார். இரண்டே நாளில் மீண்டும் பிரதமராகப் பொறுப்பேற்றார். அவருக்கு மாற்றாக ஆட்சியமைக்கும் வலு யாரிடமும் இல்லை. ஏப்ரலில் கவர்னர் ஜெனரல் மன்ரோ ஃபெர்குசன் மெல்பர்னில் ஆள்சேர்ப்பு மாநாடு ஒன்றைக் கூட்டி, ரயன் உள்ளிட்ட தொழிற்கட்சித் தலைவர்களை ஹியூஸோடு ஒரே மேசையில் உட்காரவைத்தார். தாமாக வருவோரைத் திரட்ட ஒத்துழையுங்கள் என்பதே வேண்டுகோள். தொழிற்கட்சியினர் முதலில் எடுத்துவைத்தது குறைகளின் பட்டியலை: போர்முன்னெச்சரிக்கைச் சட்டம் கையாளப்பட்ட விதம், வேலைநிறுத்தத்துக்குப் பின் சங்கத்தினர் பழிவாங்கப்பட்டது, கட்டாயச் சேவை மீண்டும் வராது என்ற உறுதி. பல நாள் பேசியும் உருப்படியான உடன்பாடு ஏற்படவில்லை. 1918இல் படையில் சேர்ந்தவர்கள் 28,883 பேர்.